கூரையிலிருந்து விழுகிறவன்

குதிரை திரைக்கு வந்ததுமே அவள் நொட்டை சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

இதே கதையில் முன்பு வந்த பழைய கௌபாய் படத்தில் குதிரை குதிரையாக இருந்தது. இது குளித்து, பவுடர் பூசிக்கொண்டு வந்திருக்கிறது. அந்தக் கதாநாயகன் தொப்பியைத் தூக்கினாலே தியேட்டர் எழுந்து நிற்கும். இவனோ பேசு பேசென்று பேசுகிறான். துப்பாக்கியை எடுப்பதற்குள் வில்லனுக்குக் கிழடு தட்டிவிடும்.

பக்கத்தில் மகன் பாப்கார்னை வாயில் போட்டுக்கொண்டான். அவள் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மாட்டேன் என்றவளை அவன்தான் இழுத்து வந்தான். டப்பிங் தியேட்டரில் ஒலிப்பதிவு அவன் வேலை. இந்தப் படம் தமிழ் பேசியதும் அங்கேதான். அதிர்ந்து பேசாத பிள்ளை. அதிலும் போன மாதம் தொண்டை கட்டிக்கொண்டதிலிருந்து பேச்சே குறைந்துவிட்டது.

பழைய படத்தின் டப்பிங்கில் அவள் கணவருக்கும் ஒரு வேலை இருந்தது. கடைசிச் சண்டையில் சுடப்பட்டு, மதுக்கடைக் கூரையிலிருந்து விழும் அடியாளுக்குக் குரல். வசனமே கிடையாது. ‘ஆ’ என்று கத்தினால் போதும்.

அன்றைக்குப் பார்த்து அவள் சாப்பாட்டுக் கேரியரோடு போய்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றாள். அடியாள் சரிகிற நேரம், தரையில் கிடந்த ஒயர் அவள் காலைத் தடுக்கிவிட்டது. மனிதர் திரையை விட்டுவிட்டு அவளைப் பார்த்து அலறினார்.

“அடியேய்!”

வாயசைவு கச்சிதமாகப் பொருந்திவிட்டது. இருக்கட்டும் என்றுவிட்டார் டப்பிங் இயக்குநர். போட்ட தியேட்டரில் எல்லாம் அந்த கௌபாய் பெண்டாட்டியைக் கூப்பிட்டுக்கொண்டே செத்தான். ஜனம் விசிலடித்தது.

இப்போது மனிதரும் இல்லை, அந்தப் பிரதியும் இல்லை. டிவியில் ஆங்கிலத்திலேயே போடுகிறார்கள். அவர் முகத்துக்கு வீடு நிறைய போட்டோ. குரலுக்குத்தான் ஒன்றுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு எவ்வளவு முயன்றாலும் கொஞ்ச நாளாக அது காதுக்கு வரமாட்டேன் என்கிறது. குரலும் போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது என்று ஒருநாள் மகனிடம் சொல்லி அழுதுகூடத் தீர்த்துவிட்டாள்.

திரையில் மதுக்கடை வந்தது. கூரைமேல் அடியாள். இவனுக்கு மீசைகூட இல்லையே என்று முணுமுணுத்தாள்.

துப்பாக்கி வெடித்தது.

“அடியேய்!”

தியேட்டர் கொல்லென்று சிரித்தது. அவளுக்கு மட்டும் உடம்பு சிலிர்த்துப்போனது. அதே குரல். கடைசியில் லேசாக உடைகிற அதே கரகரப்பு. பழைய டேப்பை எங்கிருந்தோ தோண்டியெடுத்து ஒட்டியிருக்கிறான் பிள்ளை. அவன் நன்றாக இருக்க வேண்டும், நூறு வருஷம் இருக்க வேண்டும்.

இருட்டில் துழாவி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா குரல் எங்கடா கிடைச்சுது?”

“கிடைக்கலம்மா” என்றான் மகன், தொண்டையைத் தடவிக்கொண்டே.

அவள் அந்தக் கையை விடவில்லை. அதற்கப்புறம் படம் முடிகிறவரை, குதிரையைப் பற்றிக்கூட ஒரு குறை சொல்லவில்லை.