ஆள் மறைப்பு

கட்டம் போட்ட அட்டையில் பொம்மைகளை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டு அது. சுவர் இல்லையென்றால் இன்னொரு ஆளுக்குப் பின்னால் நிற்கலாம், பாதி அம்புகள் படாது. ஜெயசீலன் எப்போதும் மனைவி சுகிர்தாவின் பொம்மைக்குப் பின்னால்தான் நிற்பான். வீட்டுக் கதவை யாராவது கோபமாகத் தட்டினாலும் அவள்தான் போய்த் திறப்பாள்.

"அம்பு வருது, தள்ளிப் போயிடுங்கக்கா, இன்னும் மூணு கட்டம் நகரலாம்," என்றான் ஆட்டத்தை நடத்தும் ரூபன்.

சுகிர்தா தன் பொம்மைக்குப் பின்னால் இருந்த ஜெயசீலனின் பொம்மையைப் பார்த்தாள். "இங்கயே நிக்கிறேன்."

ரூபன் பகடையை உருட்டினான். அம்பு தைத்தது. தன் பொம்மையை அவளே படுக்க வைத்தாள்.

ஜெயசீலன் அவசரமாக அட்டைமேல் குனிந்தான். "டேய், செத்துக் கிடக்கிற ஆளுக்குப் பின்னாடி நின்னா மறைப்பு உண்டா?"

ரூபன் சுகிர்தாவைப் பார்த்தான்.

"குனிஞ்சுக்குங்க," என்றாள் சுகிர்தா. "கிடைக்கும்."