பாதி விலைப் பனிப்பலகை

ஜப்பானின் நாகானோ நகரக் கடை ஒன்றில் பாதி விலைக்குப் பனிச்சறுக்குப் பலகை எடுத்த ஷிமோதோரி அம்மாள், அதில் காலைப் பூட்டும் பைண்டிங்கும் கேட்டார்.

“போன வருசம் விழுந்து மூக்கை உடைச்சுக்கிட்டாரு. ஊரே என்னைத் திட்டுது. இந்தத் தடவை விழவே கூடாது, தம்பி.”

விற்பனையாளன் குவாபாராவுக்கு விளக்குவதென்றால் உயிர். “வளைஞ்சு கொடுக்கிறது புதுசா கத்துக்கிறவங்களுக்கு. விறைப்பானது பிடியை விடாது. ஆள் எடை?”

“நாலு பேர் தூக்கணும்.”

“சுமோ வீரரா?”

“சும்மா நிக்கிறவரு.”

“பூட்ஸ் அளவு?”

“வெறுங்கால்தான்.”

“பனியிலயா? முழங்காலையாவது மடக்குவாரா?”

“கல்லு எப்படிப்பா மடக்கும்? எங்க மலைமேல இருக்கிற ஜிசோ சாமி. பனி விழுந்ததும் கீழ்க்கோயிலுக்குக் கொண்டு வரணும். தூக்க ஊர்ல இளவட்டமே இல்ல.”

குவாபாரா அலமாரியிலிருந்து ஒரு பைண்டிங்கை எடுத்து வந்தான்.

“அப்போ விறைப்பானதே போட்டுடலாம். சாமி எந்தக் காலை முன்னால வெச்சு சறுக்குவாரு?”