குரல் இருக்கும்போதே

"அந்த அஞ்சாயிரத்தைத் திருப்பிக் குடுத்துடு."

படித்துக்கொண்டிருந்த போனை மடியில் வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள் சத்யபிரியா.

அவளுடைய அப்பா பக்தவச்சலம் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர். குரல்வளையில் புற்றுநோய். திங்கட்கிழமை ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துவிடப் போகிறார்கள். காப்பீட்டுப் பணம் போக இன்னும் மூன்று லட்சம் தேவைப்பட்டது. வேறு வழி தெரியாமல் அஸ்தினாபுரம் வாட்ஸ்ஆப் குரூப்களில் உதவி கேட்டு மெசேஜ் போட்டிருந்தாள். அது கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போய், முகம் தெரியாதவர்களெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தினமும் சாயங்காலம் அந்தப் பெயர்களை அப்பாவுக்குப் படித்துக் காட்டுவாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

இன்றைக்குத்தான் கண்ணைத் திறந்தார்.

"கடைசியா என்ன பேர் சொன்னே?"

"முனிரத்தினம்ப்பா. பம்மல்ல ஷேர் ஆட்டோ ஓட்டறாராம். அஞ்சாயிரம் போட்டிருக்காரு."

"போட்டோ இருக்கா?"

காட்டினாள். வெகுநேரம் பார்த்தார். அதன் பிறகுதான் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"ஏம்ப்பா? ஆட்டோக்காரர் காசுன்னா உங்களுக்கு இளக்காரமா?"

"திருப்பிக் குடு. ஆளையும் கூட்டிட்டு வா. ஞாயித்துக்கிழமைக்குள்ள."

சத்யபிரியாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு வாரமாக ஒவ்வொருவரிடமும் கூனிக் குறுகிக் கேட்பது அவள்தானே?

"காசு வேணாம், ஆனா கூப்பிட்டா அவர் வந்து நிக்கணும். இன்னும் ஸ்டேஷன்லயே இருக்கறதா நெனப்பா?"

அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை, பம்மல் ஆட்டோ ஸ்டாண்ட். முனிரத்தினத்துக்கு ஐம்பது வயது இருக்கும். அவள் இன்னார் என்று சொன்னதும் சட்டென்று வண்டியிலிருந்து இறங்கி நின்றார்.

"இன்னாமா, துட்டு வந்து சேர்லியா?"

"வந்துச்சுண்ணா. அப்பாதான்... திருப்பிக் குடுக்கச் சொன்னாரு." கவரை நீட்டினாள். "உங்களைப் பாக்கணும்னும் சொன்னாரு."

பக்கத்து வண்டிக்காரர் சத்தமாகவே சொன்னார்: "பாத்தியா முனி! படுத்த படுக்கையா கீறான், அப்பவும் நம்ம துட்டு நாறுது அந்தாளுக்கு!"

சத்யபிரியாவால் தலை நிமிர முடியவில்லை.

"வாயை மூடுடா அன்பு" என்றார் முனிரத்தினம். கவரை வாங்கிக்கொள்ளாமலே வண்டியில் ஏறினார். "குந்துமா. போய்ப் பாப்போம்."

வீட்டில் அப்பா முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முனிரத்தினம் வாசலில் செருப்பைக் கழற்றுவதைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"குந்துங்க சார், குந்துங்க."

"நீ உக்காரு." நாற்காலியைக் காட்டினார் அப்பா. கரகரவென்று, மூச்சுக்கு இரண்டு வார்த்தையாகத்தான் பேச்சு வந்தது. "ரெண்டாயிரத்து நாலு. செயின் பறிச்ச கேஸ்."

"ஆமா சார். அறுவது நாளு உள்ள இருந்தேன். கம்பெனி டிரைவர் வேல அத்தோட பூட்ச்சு."

"நீ உள்ள போன மூணாம் நாளே, புகார் குடுத்த அந்தம்மா என்கிட்ட வந்தாங்க. செயினை யாரும் பறிக்கல. வூட்டுலயே பீரோவுக்குப் பின்னாடி விழுந்து கெடந்திருக்கு. அதுக்குள்ள பேப்பர்ல வந்துடுச்சு. பெரிய ஆபீசர் என்னைப் பாராட்டிட்டாரு. அந்தம்மாவை மிரட்டி அனுப்பிட்டேன்."

அப்பா மூச்சு வாங்கினார்.

"தெரிஞ்சேதான் உன்னை உள்ள வெச்சேன். கோர்ட்டுலயும் நீதான் திருடன்னு கூசாம சொன்னேன்."

சத்யபிரியாவின் கையிலிருந்த கவர் கசங்கியது. தெருவில் எல்லோரும் எழுந்து நின்று வணக்கம் சொன்ன மனுஷர் அவர். அவரை இப்போது அவளால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

"திங்கக்கிழமைக்கு அப்புறம் எனக்குக் குரல் கிடையாது, முனிரத்தினம். எழுதிக் காட்டினாப் பத்தாது. வாயாலதான் பொய் சொன்னேன். வாயாலயே சொல்லிடணும்னு கூப்பிட்டேன். உன் காசுல நான் பொழைக்கக் கூடாது. எடுத்துட்டுப் போயிடு."



"தெரியும் சார்" என்றார் முனிரத்தினம்.

அப்பா நிமிர்ந்தார்.

"அந்தம்மா ஒரு நாளு என் வண்டில ஏறிச்சு. என்னை அடையாளம் கண்டுகினு, அழுதுகினே எல்லாத்தையும் சொல்லிச்சு. அது ஆச்சு பன்னண்டு வருசம்."

சத்யபிரியாவுக்கு நம்பவே முடியவில்லை. "தெரிஞ்சுமாண்ணா பணம் அனுப்பினீங்க? எப்படிண்ணா மனசு வந்துச்சு?"

முனிரத்தினம் அவள் கையிலிருந்த கவரை வாங்கினார். அப்பாவின் மடியில் வைத்தார்.

"மனசா? நீ வேற. அன்னிலேர்ந்து தெனம் சாமி கைல ஒண்ணே ஒண்ணுதாம்மா கேட்டுகினு இருந்தேன். பொய் சொன்ன அந்தத் தொண்டை அழுவிப் பூடணும்னு."

அப்பாவின் கழுத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

"உன் மெசேஜப் பாத்ததுலேர்ந்து தூக்கம் இல்லமா... இந்தத் துட்டை நீங்க வாங்கிக்கலன்னா, நான் எந்தக் கோயிலுக்கு சார் போவேன்?"