குலுங்காத கார்

பியூலாவுக்கு இது ஏழாம் மாதம். அவளுடைய கார் ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடுவது; கர்ப்பிணி உட்கார்ந்திருந்தால் குலுங்காது, சட்டென்று திரும்பவும் செய்யாது. தினமும் அதில்தான் தனியாக வேலைக்குப் போய்வந்தாள்.

அன்று நாங்குநேரி தாண்டியதும், எதிரே வந்த லாரி நடுத்தடுப்பை உடைத்துக்கொண்டு அவளை நோக்கிப் பாய்ந்தது.

"ஒடிச்சுத் திரும்பு!" என்று அலறினாள்.

"வயிற்றில் குழந்தை இருக்கிறது. மெதுவாகத்தான் திரும்புவேன்" என்றது கார்.

"இல்ல! என் வயித்துல பிள்ளயே இல்ல!"

கார் உடனே விறைத்து, சரேலென்று ஒடித்துத் திரும்பியது. லாரி மயிரிழையில் கடந்து போனது.

சாலையோரம் நின்ற காருக்குள் பியூலா வயிற்றைப் பிடித்தபடி அசைவுக்காகக் காத்திருந்தாள். ஒன்றுமில்லை.

"அம்மா சும்மாதான் சொன்னேன், மக்கா" என்றாள்.

வெகுநேரம் கழித்து உள்ளே மெல்ல ஓர் உதை விழுந்தது.

"புறப்படலாமா?" என்று கேட்டது கார். பிள்ளை இல்லையென்று தன்னைச் சொல்லவைத்த காரின் கதவைத் திறந்து அவள் இறங்கி, வெயிலில் நடக்கத் தொடங்கினாள்.