நரம்பு

அவர் பவுன்தாயின் தோள்களை அழுத்திப் பிடித்திருந்தார்.

ஐந்தாவது முறையும் சலைன் ஊசி வெறுமனே வெளியே வந்தது.

பிடித்துக்கொள்ள ஆள் போதவில்லை என்று வாசலிலிருந்து அவரை அழைத்திருந்தார்கள். நீலச் சட்டை. மார்பில் செக்யூரிட்டி என்று எழுதிய வில்லை. டெங்குக் காய்ச்சல் ஊருக்குள் வந்து மூன்றாவது வாரம். வராந்தாவிலும் கட்டில் போட்டிருந்தார்கள்.

பவுன்தாய் ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு மலையேறுகிறவள். காலையில் ஜீப்பில் ஏறும்போதே சரிந்து விழுந்தாளாம். அவள் புருஷன் அவளுடைய செருப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றான்.

இரத்த அழுத்தம் அறுபது.

இளைய நர்ஸ் ரப்பர் பட்டையை மறு கைக்கு மாற்றிக் கட்டினாள். தட்டினாள். தேய்த்தாள். குத்தினாள்.

ஆறு.

"நரம்பே கெடைக்கல சிஸ்டர்." அழுதுவிடுவாள் போலிருந்தது.

வார்டின் பொறுப்பு ஜெசிந்தா சிஸ்டருடையது. அவரே குனிந்து முயன்றார்.

ஏழு.

டாக்டர் மாடியில் ஆபரேஷனில் இருந்தார். இருபது நிமிடம் ஆகும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

உள்ளங்கைகளுக்குக் கீழே அந்தத் தோள்கள் சில்லிட்டுக்கொண்டே வந்தன. அந்தக் குளிர்ச்சி அவருக்குப் பழக்கமானது.

இருபது நிமிடம் இவள் தாங்கமாட்டாள்.

இருபத்திரண்டு வருடம் ராணுவத்தில் மருத்துவ உதவியாளராக இருந்தவர். குண்டு பட்டவர்கள், பாறை சரிந்து நசுங்கியவர்கள், பனியில் விறைத்தவர்கள் என்று எத்தனையோ பேரை மலையிலிருந்து கீழே ஆஸ்பத்திரி வரைக்கும் உயிரோடு கொண்டு சேர்த்தவர். ஓய்வுபெற்று ஊருக்கு வந்ததும் இதே ஆஸ்பத்திரியில்தான் வேலை கேட்டார். ராணுவச் சான்றிதழை வைத்து நர்ஸாக எடுக்க முடியாது என்றார்கள். வாசலுக்கென்றால் நாளைக்கே வரலாம் என்றார்கள்.

வந்தார். மூன்று வருடம் ஆகிறது.

வார்டைக் கடக்கும்போது சலைன் பாட்டில்கள் பக்கம் திரும்பாமல் நடக்கப் பழகியிருந்தார்.

இப்போது வாய் தானாகத் திறந்தது.

"சிஸ்டர், நான் ஒரு தடவ பாக்கவா?"

ஜெசிந்தா சிஸ்டர் நிமிர்ந்தார். தினமும் கேட்டைத் திறந்துவிடுகிற முகம்.

"நீங்களா, சின்னமாயண்ணே?"

"ஆர்மில இதான் சிஸ்டர் என் வேல."

சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பவுன்தாயின் உதடுகளைப் பார்த்தார். தவறினால் சிஸ்டருக்கு வேலை போகும். இவருக்கும் போகும். இரண்டு பேருக்கும் அது தெரியும்.

கையுறைப் பெட்டியை அவர் பக்கம் தள்ளினார்.

"போடுங்க. யாரு கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறேன்."

சின்னமாயன் தட்டவில்லை. தேய்க்கவில்லை. பட்டையை அவிழ்த்துச் சற்று மேலே கட்டினார். கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டார். பெருவிரலுக்கு மேலே, மணிக்கட்டில், ஆள்காட்டி விரலை வைத்தார்.

கண்களை மூடிக்கொண்டார்.

பனியில் நரம்பு கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத்தான் தெரியும். அந்த விரல் இன்னும் தன்னிடம் இருக்கிறதா என்பது அவருக்கே தெரியவில்லை.

இங்கே இல்லை.

கொஞ்சம் தள்ளி.

இங்கேயும் இல்லை.

விரலை இன்னும் சற்று மேலே நகர்த்தினார்.

பிறகு, நனைந்த நூல் போல ஒன்று விரலின் கீழே அமுங்கி எழுந்தது.

அவர் அவசரப்படவில்லை.

ஊசியின் பின்முனையில் சிவப்பு ஏறியது.

"ஏறிருச்சு சிஸ்டர்! ஏறிருச்சு!" இளைய நர்ஸ் வார்டே கேட்கக் கத்தினாள்.

அவர் அதற்குள் மறுபக்கம் போயிருந்தார். அடுத்த கை. அதிலும் ஒரே முறை. சலைன் பையை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துப் பிழிந்தபடி நின்றார். முழங்கை வலித்தது. விடவில்லை.

எழுபது.

எழுபத்தெட்டு.

தொண்ணூறில் பவுன்தாய் கண் திறந்தாள். முதலில் கூரையைப் பார்த்தாள். பிறகு புருஷனை.

"அத ஏன்யா கையில வச்சிக்கிட்டு நிக்கிற? கீழ போடு."

செருப்புகள் தரையில் விழுந்தன. அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. இளைய நர்ஸ் இரண்டையும் செய்தாள்.

டாக்டர் பச்சைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார். மானிட்டரைப் பார்த்தார். இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தார். பிளாஸ்திரி ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டியிருந்தது.

"யாரு போட்டது?"

இளைய நர்ஸ் சிஸ்டரைப் பார்த்தாள்.

"நம்ம ஸ்டாஃப்தான் டாக்டர்," என்றார் ஜெசிந்தா சிஸ்டர்.

டாக்டரின் பார்வை நீலச் சட்டைக்கு வந்தது. வில்லையைப் படித்தது. மறுபடியும் பவுன்தாயின் மணிக்கட்டுக்குப் போனது.

சின்னமாயன் குதிகால்களைச் சேர்த்து நிமிர்ந்து நின்றார். இனி என்ன சொன்னாலும் சரி. அவள் தண்ணீர் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"ஒம்பதாம் பெட்டுக்கும் நரம்பு கெடைக்கலயாம்," என்றார் டாக்டர். "வாங்க."

"கேட்டுல ஆள் இல்ல சார்..."

"கேட்ட வேற யாராச்சும் பாத்துக்கட்டும்."

டாக்டர் நடக்கத் தொடங்கியிருந்தார். சின்னமாயன் பின்னால் போனார்.

வராந்தா முடிவதற்குள் டாக்டருக்கு முன்னால் போயிருந்தார்.