அறுபடாத இணைப்பு

விடுப்பு விண்ணப்பம் தவிர வேறெதுவும் எழுதியறியாத நான், வாசகர்களாகிய தங்கள் நேரத்தில் ஒரு பக்கத்தைக் கேட்கத் துணிந்தமைக்கு முதலிலேயே மன்னிப்புக் கோருகிறேன். பிழைகள் இருப்பின் பொறுத்தருள வேண்டும்.

“மாப்ளே, உன் அக்காவைக் கட்டினதுல எனக்குக் கிடைச்ச ஒரே லாபம் நீதான்டா!”

மேசைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்த தம்பி சிரித்தான். அவனுடைய அக்காள் கணவர் கட்டட வரைபடங்கள் வரைபவர். அவர் வேலை பார்த்த அலுவலகம் மூடப்பட்டு ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. சிக்கனம் கருதி வீட்டின் இணையத் தொடர்பையும் துண்டித்துவிட்டார்கள். கணினி இருந்தது, அதிலிருந்து ஒரு விண்ணப்பத்தை வெளியே அனுப்ப வழியில்லை.

“இந்தப் பழைய போனா நெட் குடுக்கப் போகுது? பட்டன்ல நம்பரே தேஞ்சு போச்சேடா.”

“வெளியிலதான் அத்தான் பழசு. உள்ள மோடம் இருக்கு. வயரோட இந்த முனை போன்ல, அந்த முனை கம்ப்யூட்டர்ல. அவ்வளவுதான். என்ன, மாட்டுவண்டி வேகத்துலதான் போகும்.”

“போய்ச் சேர்ந்தாச் சரி மாப்ளே.”

இணைப்பு கிடைத்தது. பாலங்கள் கட்டும் ஒரு நிறுவனத்திற்கு, தாம் வரைந்தவற்றில் சிறந்த ஆறு வரைபடங்களை இணைத்து விண்ணப்பத்தை அனுப்பத் தொடங்கினார். நாற்பது நிமிடங்களில் முக்கால் பங்கு போயிற்று. அப்போது போன் ஒலித்தது. இணைப்பு அறுந்தது.

பரிசோதனைக் கூடத்தில் பணியிலிருந்த அக்காள்தான் அழைத்தாள்.

“ஒண்ணுமில்ல, சாப்பிட்டீங்களான்னு கேக்கத்தான்…”

“நான் சாப்பிட்டேன். நீதான் என் வேலையைச் சாப்பிட்டுட்டே!”

தம்பி போனை வாங்கினான். “அக்கா, இனிமே பகல்ல கூப்பிடாதே. கால் வந்தா நெட் அறுந்துடும். அத்தான் இப்பவே அழுதுடுவார் போலிருக்கு.”

மீண்டும் முதலிலிருந்து அனுப்பினார்கள். இம்முறை பாதியில், கடன் வேண்டுமா என்று யாரோ ஒரு பெண் இனிமையாகக் கேட்டாள். அத்தான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

“நகருங்க, நான் பாத்துக்கறேன்.” தம்பி போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனான். நாலைந்து பட்டன்களை அமுக்கினான். திரும்பி வந்து வயரைச் செருகினான். “இனிமே அறுந்தா என்னைக் கேளுங்க.”

அறுபடவில்லை. அன்று விண்ணப்பம் முழுதாகப் போய்ச் சேர்ந்தது.

அன்றுமுதல் அத்தான் அலுவலகம் போவதுபோல் ஒன்பது மணிக்குச் சட்டை மாற்றிக்கொண்டு கணினிமுன் அமர்ந்தார். பத்தொன்பதாம் நாள் மாலை தம்பி வந்தபோதும் அங்கேதான் இருந்தார்.

“நெட் எப்படி அத்தான்? அறுந்துச்சா?”

“ஒரு தடவைகூட இல்லடா. நீ கைராசிக்காரன்.” பெருமையாகச் சொன்னவர், குரலைத் தாழ்த்தினார். “ஆனா ஒருத்தன்கூடக் கூப்பிடல மாப்ளே. நம்பரைக் கொட்டை எழுத்துல போட்டிருக்கேன்.”

“இப்பல்லாம் மெயில்லதான் பதில் போடுவாங்க.”

“அவங்களை விடு. என்கூடப் பத்து வருஷம் ஒரே மேசையில டீ குடிச்சவன், வாரம் தவறாமப் பேசுவான். அவனும் ரெண்டு மூணு வாரமாப் பேசறதில்ல. வேலைதான் போச்சுன்னா, இப்ப போனும் செத்துப்போச்சு.”

“நீங்கதான் ஒரு போன் போடுங்களேன். குறைஞ்சா போயிடுவீங்க?” என்றாள் அக்காள், உள்ளிருந்து.

“நான் ஏன் போடணும்? அவனுக்கே தோணணும்.”

அப்போது ஒரு மடல் வந்தது. பாலம் கட்டும் நிறுவனத்திற்குக் காலையில் அவர் எழுதிய நினைவூட்டலுக்குப் பதில். “வந்துடுச்சு, வந்துடுச்சு!” என்று அக்காளையும் அழைத்து, வாய்விட்டுப் படித்தார்.

“தங்கள் வரைபடங்கள் எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தன. தங்களையே நியமிக்க முடிவு செய்து, சென்ற வாரம் ஒன்பது முறை அழைத்தோம். இந்த எண்ணில் அழைப்புகள் ஏற்கப்படுவதில்லை என்ற அறிவிப்பே ஒவ்வொரு முறையும் வந்தது. தங்களுக்கு விருப்பமில்லை எனக் கருதி, நேற்று வேறொருவரை…”

மிச்சத்தை அவர் படிக்கவில்லை. போனைப் பார்த்தார். “டவர் முழுசா இருக்கே,” என்றார். பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்தார்.

“அன்னிக்கு ஜன்னல்கிட்ட நின்னு என்ன பண்ணினே மாப்ளே?”

“வர்ற கால் எல்லாத்தையும் நிறுத்தி வச்சேன் அத்தான். நெட் அறுந்துடக் கூடாதேன்னு. மெயில்லதான் வரும்னு நினைச்சேன். உங்ககிட்ட சொல்லவும் தோணல.”

அக்காள் சுவரில் சாய்ந்துகொண்டாள். அத்தான் திட்டவில்லை. வயரை மெல்ல உருவினார், சிக்கலில்லாமல் சுற்றினார், தம்பியின் கையில் கொடுத்தார்.

“நேரமாச்சு. நீங்க கிளம்புங்க,” என்றார்.

இழந்தவற்றை மட்டும் குறிப்பிட்டு முடித்துக்கொள்கிறேன்: பத்தொன்பது பகல்கள், ஒரு வேலை, அந்தப் பழைய நண்பர் எத்தனை முறை அழைத்தாரோ அத்தனை அழைப்புகள், அத்தான் என்னை ‘மாப்ளே’ என்று கூப்பிடுவது.