காணாமல் போன எட்டு

மாலை வெயில் மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. கணவரின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் பொத்தான் டப்பா திறந்திருக்கிறது. அவர் கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டுகிறார். “உன் தங்கச்சி கம்பளி நூல்ல கால்குலேட்டர் பின்னியிருக்கா, பாரு. நாலாயிரம் லைக்!” சாம்பல் நிற உடம்பு, அதில் குண்டு குண்டாய்க் கறுப்பு நம்பர் பட்டன்கள். எனக்கு வயிறு எரிகிறது. “தட்டினா கணக்கு போடுமாக்கும்?” என்கிறேன். படத்தை இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கி, ஒவ்வொரு பின்னலாகக் குற்றம் தேடுகிறேன். ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் வெறும் பள்ளம். “ஐயே, எட்டையே விட்டுட்டா!” என் குரலில் இருக்கும் சந்தோஷம் எனக்கே கேட்கிறது. அவர் கைபேசியை வாங்கி, படத்துக்குக் கீழே அவள் எழுதியிருப்பதை வாசிக்கிறார். “இது எங்க வீட்டுப் பழைய கால்குலேட்டர். கணக்குல நான் நூறு வாங்கின அன்னைக்கு, எட்டை மட்டும் அக்கா பிடுங்கி எங்கேயோ ஒளிச்சு வெச்சுட்டா. இன்னும் தேடிக்கிட்டிருக்கேன்.” சிரித்துக்கொண்டே அவர் நிமிர்கிறார். டப்பாவில், சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே அந்தக் கறுப்பு எட்டு வெயிலில் மின்னுகிறது. என் கை தானாகவே போய் டப்பாவை மூடுகிறது.